லேத்து வீட்டுப் பெட்டி

மருதமலை ரோட்டில் ஓர் இளநீர்க் கடைக்கு முன்னால் என் வண்டி தானாக வேகம் குறைத்தபோதுதான், கல்யாண மண்டபத்தில் பெட்டி மாறிப்போனது எனக்குத் தெரிந்தது.

நான் இளநீர் குடிப்பவள் இல்லை. குடித்தால் சளி பிடிக்கும். அந்தக் கடை முன்னால் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட நின்றதில்லை. ஆனால் கடைக்கு இருபதடி முன்பே இன்ஜின் அடங்கி, நான் இறங்கப்போகிறேன் என்று அதுவே முடிவு செய்துகொண்டு நடைவேகத்துக்கு வந்துவிட்டது. காலை வைத்து அழுத்தினேன். சட்டென்று பாய வேண்டிய வண்டி, முட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவரைப் போல மெல்ல மெல்ல நகர்ந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனிலேயே என்னைத் திட்டித் தீர்த்தார்.

பெட்டி என்றால் என்னவென்று எங்கள் கோயம்புத்தூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனியிலிருந்து வரும் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் எந்நேரமும் வெளியே யாரோடாவது பேசிக்கொண்டே இருக்கும். அதை வசதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு திருடர்களும் அதனோடு பேசக் கற்றுக்கொண்டார்கள். தெருமுனையில் நின்று போனைத் தட்டுவார்கள். வாசலில் நிற்கும் வண்டி விழித்துக்கொண்டு அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். பூட்டு, சங்கிலி, கேமரா எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்கள்தான் வழி கண்டுபிடித்தார்கள். கம்பெனி கம்ப்யூட்டரின் வாயை அடைத்துவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே வேறொரு கம்ப்யூட்டரைச் செருகினார்கள். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். யாரோடும் பேசாது. இறங்கும்போது ஒரு திருகு, ஓர் இழுப்பு. கையோடு கழற்றிக்கொண்டு போய்விடலாம். பெட்டி இல்லாத வண்டி வெறும் தகரம். யாரும் சீந்த மாட்டார்கள்.

அதிலிருந்து ஊரே கையில் பெட்டியோடு அலைகிறது. கோயில்களில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்டி வைக்கும் இடம் வந்தது. சாவு வீட்டில்கூடப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் அழுகிறோம். வண்டித் திருட்டு நின்றது, மறுக்கவில்லை. கூடவே வண்டி இரவல் கொடுப்பதும் நின்றுபோனது. ஏனென்றால் பெட்டி ஓட்டுகிறவரின் காலைப் படிக்கிறது. எந்த ரோட்டில் எந்த இடத்தில் வேகம் குறைப்பார், எங்கே அழுத்துவார் என்று படித்து வைத்துக்கொண்டு, நாம் செய்வதற்குள் அதுவே செய்கிறது. அதில் மைலேஜ் கூடும். மைலேஜ் என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் துணிவார்கள். வேறொருவர் ஓட்டினால் பெட்டி குழம்பிவிடும். ஆகவே, "பொட்டி கெட்டுப்போயிருமுங்க" என்பது எல்லோருக்கும் வசதியான சாக்காகிவிட்டது. கூடப் பிறந்தவர்களிடமே அதைச் சொன்னவர்கள் உண்டு.

என் பெயர் தாரிணி. ஐம்பத்து மூன்று வயது. கணபதியில், பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை லேத்து மிஷினில் கடைந்து கொடுக்கும் பட்டறை நடத்துகிறேன். அப்பா வைத்த பட்டறை. வாசலிலேயே லேத்து ஓடியதால், சொந்தக்காரர்கள் வாயில் எங்கள் வீடு லேத்து வீடு. கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படித்தான் எழுதுவார்கள். பெட்டிகள் புதிதாக வந்த காலத்தில் அவற்றுக்கு அலுமினியக் கூடு கடைந்து கொடுத்தவர் அப்பா. சொந்தத்தில் பாதிப் பேர் வைத்திருப்பது அவர் கடைந்த கூடுதான். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மாறியதைப் பார்த்தவுடன் நான் கண்டுபிடிக்காததற்கு அதுதான் காரணம்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வடவள்ளி மண்டபத்துக்கே போனேன். வாழை மரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி வாங்கி வைத்த மேஜையை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள்.

"பொட்டி வாங்கி வெக்கற சகாயமேரியக்கா முகூர்த்த நாளைக்குத்தான் வேலைக்கு வருவாங்க" என்றார் வாட்ச்மேன். "அடுத்த முகூர்த்தம் பன்னண்டு நாள் கழிச்சுங்க. அதுக்குள்ள யாராச்சும் மாறிப்போச்சுன்னு கொண்டாந்தா போன் பண்றேன்."

யாரும் கொண்டுவரவில்லை. என் பெட்டியை வைத்திருப்பவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை போலிருக்கிறது. நான் ஓட்டுவது அவ்வளவு நன்றாகவா இருக்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அந்தக் கல்யாணத்தில் நான் கடைசி ஆளாகக் கிளம்பியதற்கும் ஒரு காரணம் இருந்தது. காலை முகூர்த்தக் கூட்டத்தில் ஒரு பச்சைச் சேலையின் முதுகைப் பார்த்தேன். என் தங்கை நிரஞ்சனா. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அந்த முதுகு எனக்குத் தெரியும். அவளுக்குத் தலை பின்னிவிட்டதே நான்தான். பார்க்காததுபோல் குனிந்து சந்தனம் எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை. அதற்கப்புறம் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நான்கு பந்தி வரை நின்றிருந்தேன். கேட்டவர்களிடம் இடம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவள் சாப்பிட வரவேயில்லை.

மறுநாள் வண்டியை உக்கடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஜெய்லானி அண்ணன் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குப் பெட்டி பார்க்கிறவர். நான் வந்து நிறுத்துவதற்குள்ளேயே சிரித்தார்.

"என்னுங் அம்மிணி, வண்டி இன்னிக்கு இவ்வளவு மருவாதியா வருது?"

பெட்டியைக் கழற்றித் தன் மீட்டரில் மாட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இது உங்க பொட்டி இல்லீங்க. உங்க காலு எனக்குத் தெரியாதா? நீங்க ஆக்சிலேட்டரை மிதிக்கறதில்ல, ஒதைக்கறீங்க. இவங்க அப்படியில்ல. ஏதோ ஒடையற சாமானம் ஏத்திட்டுப் போறவங்க."

"பேரு, அட்ரஸ் ஏதாச்சும் இருக்குமாண்ணா?"

"அதெல்லாம் இருந்தாத்தான் திருடன் படிச்சிருவானேன்னு எடுத்துட்டோமுங்க. ஊர்ப் பேருகூட இதுக்குத் தெரியாது. ரோட்டைக் காலாலதான் தெரிஞ்சு வெச்சிருக்கும், கண்ணால இல்ல. சக்கரம் எத்தனை சுத்து சுத்துனா எந்தப் பக்கம் திரும்புது, எங்க மேடு, எங்க காலை எடுக்கறாங்க. அவ்வளவுதான்."

அந்த வளைவு நெளிவுகளைக் கோடாகப் போட்டுக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தார். கோடுகள் கிளம்புகிற இடம் நீளமான நேர் ரோட்டில் எங்கேயோ இருந்தது; வளைவு இல்லாததால் அது எது என்று அவருக்கும் பிடிபடவில்லை. அடிக்கடி வேகம் குறைந்த இடங்களில் புள்ளி. ஒன்று இளநீர்க் கடை. இன்னொன்று கவுண்டம்பாளையத்துப் பக்கம் ஏதோ மர அறுப்பு மில் என்று அவரே யூகித்துச் சொன்னார். மூன்றாவது புள்ளியில் விரலை வைத்தார்.

"இதுதானுங்க வேடிக்கை. மத்த ரெண்டு எடத்துலயும் வண்டி நின்னிருக்குது. இங்க ஒருக்காகூட நிக்கலை. நடக்கற வேகத்துக்கு வருது, அம்பதடி போகுது, மறுக்கா கெளம்பிருது. முன்னூத்தி அறுவத்தோரு தடவை."

"எப்பெப்ப?"

"வாரத்துக்கு ஒருக்கா. வெள்ளிக்கெழமை சாயங்காலம் ஆறு மணி. ஏழு வருசமா."

கோட்டைப் பார்த்தேன். பெரிய ரோட்டிலிருந்து ஒரு வலது. பிறகு ஓர் அரைவட்டம். அரைவட்டம் முடிந்ததும் இடது. அந்த அரைவட்டம் எனக்குத் தெரியும். கணபதி தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டுதான் எங்கள் தெருவுக்குள் நுழைய முடியும். புள்ளி விழுந்திருந்தது என் வீட்டு வாசலில். நேற்று வீட்டுக்குத் திரும்பும்போது வண்டி அங்கே தானாக வேகம் குறைத்திருக்கும். அது என் வீடு, நானும் அங்கே பிரேக் போடுவேன், அதனால் எனக்குத் தெரியவில்லை.

ஜெய்லானி அண்ணன் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"நோட்டம் பாக்கறாங்களாண்ணா?"

"ஏழு வருசமா நோட்டம் பாக்கற திருடனை நான் கண்டதில்லீங்க அம்மிணி. ஆனா இந்தக் காலத்துல எதையும் அடிச்சுச் சொல்ல முடியறதில்ல. சூதானமா இருங்க. இன்னொண்ணு, நீங்க ஓட்ட ஓட்ட இதுல இருக்கற காலு அழிஞ்சு உங்க காலாயிரும். ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் போச்சுன்னா இவங்க யாருன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். போலீசுக்குப் போறதுன்னா அதுக்குள்ள போயிருங்க."

போலீசில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். குறைந்த வேகத்தில் போவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று அங்கிருந்த அம்மணி என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி எனக்குத் தெரிந்த நேரம். வாரா வாரம் அந்த நேரத்தில் பட்டறையை மூடி, வாசலில் நின்று லேத்துக்குச் சூடம் காட்டித் திருஷ்டி கழிப்பேன். முதுகு தெருவைப் பார்த்து இருக்கும். பத்து நிமிஷத்துக்கு என் பின்னால் யானை போனாலும் கவனிக்க மாட்டேன். திருடன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தைக் கண்டுபிடித்திருப்பான் என்று நினைத்தேன். கோபம் கோபமாக வந்தது. ஏற்கெனவே ஒருமுறை திருட்டில் எல்லாவற்றையும் இழந்தவள் நான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அப்பா இறந்து மூன்றாம் மாதம் அது நடந்தது. அப்பாவின் வண்டியும் அதற்குள் அவருடைய பெட்டியும் இருந்தன. மேடு வந்தால் அப்பா ஒரு நொடி காலை எடுத்துவிட்டுத்தான் ஏறுவார். ஏன் என்று கேட்டால், "அதுவும் ரெடியாக வேண்டாமா" என்பார். அவர் போன பிறகும் வண்டி மேட்டுக்கு முன்னால் ஒரு நொடி தயங்கித்தான் ஏறியது. முதல்முறை அப்படி ஏறியபோது நானும் நிருவும் வண்டிக்குள்ளேயே ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதோம். அதற்கப்புறம் அவர் கால் அழிந்துவிடக்கூடாது என்று ஆளுக்குக் கொஞ்சமாக, அவசரத்துக்கு மட்டும் எடுத்தோம்.

ஒரு நாள் காலையில் நிரு அப்பாவின் வண்டியில் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போனாள். வண்டி திருடுபோய், நடந்து திரும்பி வந்தாள். வாசலில் அவளைப் பார்த்ததும் நான் கேட்டது ஒரே கேள்வி.

"பொட்டியை எடுத்துட்டு வந்தியா?"

அவள் கைகள் காலியாக இருந்தன. பூகூட இல்லை.

ஏன் எடுக்கவில்லை என்று நூறு தடவை கேட்டேன். மறந்துவிட்டாயா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். மறக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்றால் நான் என்ன நினைப்பது? விற்றுவிட்டாயா என்றுகூடக் கேட்டேன். கடைசியாக ஒன்று சொன்னேன். "இனிமே எங்கயும் போயி லேத்து வீட்டுப் புள்ளைன்னு சொல்லிக்காத." அன்றைக்குப் போனவள்தான். துடியலூரில் புருஷனோடு ஏதோ கடை வைத்திருக்கிறாள், வண்டிக்கு எத்தனால் போடும் பங்குக்குச் சற்று முன்னால் இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். புதன்கிழமைதோறும் வார்ப்பு எடுக்கக் காரமடை பவுண்டரிக்கு அந்த வழியாகத்தான் போவேன். என்ன கடை என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால்தானே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை சூடத்தைக் கொளுத்தி வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகத் தெருவைப் பார்த்து நின்றேன். கையில் முக்கால் இன்ச் இரும்பு ராடு. ஆறு மணி ஐந்து நிமிஷம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஒரு சாம்பல் நிற வண்டி வந்தது. ராடை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் கேட்டுக்கு நேராக வந்ததும் வேகம் குறைந்தது. குறைந்து, அப்படியே இன்ஜின் அடங்கி நின்றே போனது.

ஏழு வருஷத்தில் நிற்காதவன் இன்றைக்கு நிற்கிறான் என்றால் இன்றைக்குத்தான் நாள் குறித்திருக்கிறான்.

"யார்றா அது!" என்று ராடைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கு நான் நன்றாகவே ஓடுவேன். கண்ணாடியில் மாலை வெயில் பட்டு உள்ளே ஆள் தெரியவில்லை. பின் சீட்டில் என்னவோ பச்சையாக ஆடியது. நான் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டு, வண்டி தடுமாறித் தெருக்கோடியில் திரும்பிப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சுற்றி நின்றார்கள். நம்பரைப் பார்த்தீர்களா என்றார்கள். பார்க்கவில்லை. ராடை ஓங்கியவளுக்கு நம்பரா ஞாபகம் வரும்?

அடுத்த முகூர்த்த நாளில் காலை ஏழு மணிக்கே வடவள்ளி மண்டபத்தில் நின்றேன். சகாயமேரி மேஜையை விரித்து, வருகிறவர்களிடம் பெட்டி வாங்கிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட, சுறுசுறுப்பான அம்மா. நான் விஷயத்தைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரியாத்தாங்க இருந்துச்சு. நான் நம்பர் போடறதில்லீங்க. நம்பரை யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்ல, சீட்டையும் தொலைச்சுடறாங்க. வீட்டுப் பேரைக் கேட்டு எழுதிருவேன். கல்யாணத்துக்கு வர்றவங்க சொந்தக்காரங்கதானே, வீட்டுப் பேரை யாரு மறப்பாங்க? அன்னிக்கு லேத்து வீடுன்னு ரெண்டு பொட்டி இருந்துச்சு. ஒரே வீட்டு ஆளுங்க, ரெண்டு வண்டில வந்திருப்பீங்கன்னு நெனைச்சுட்டேன். மொதல்ல வந்து கேட்டவங்களுக்கு மேல இருந்ததை எடுத்துக் குடுத்தேன்."

"லேத்து வீடுன்னு இன்னொருத்தர் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. பச்சைச் சேலை. பொட்டி குடுக்கறப்ப எந்த வீடுங்கன்னு கேட்டேன். திரும்பிப் போறாப்பல ஒரு அடி வெச்சாங்க. பொறகு அதைத்தான் சொன்னாங்க. திரும்ப வாங்கறப்பவும் அதையேதான் சொன்னாங்க. இந்நேரத்துக்குச் சாப்பிடாமப் போறீங்களேன்னு கேட்டேன். வயிறு சரியில்லைன்னுட்டுப் போயிட்டாங்க. என்னுங்க, ஒக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?"

நான் மண்டபத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முன்னூற்று அறுபத்தோரு வெள்ளிக்கிழமை. நான் லேத்துக்குச் சூடம் காட்டிக்கொண்டிருக்க, என் முதுகுக்குப் பின்னால் அவள் வந்து போயிருக்கிறாள். ஒரு தடவையாவது திரும்பியிருக்கலாம். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டுப் பேரைச் சொல்லாதே என்று நான் சொன்ன பிறகும் அவளுக்குச் சொல்ல வேறு பேர் இல்லை. அவள் என்று தெரியாமல் அவள்மேலேயே ராடை ஓங்கியிருக்கிறேன்.

எனக்கு அவள் வேண்டும். இத்தனை வருஷமாக வேண்டும். கௌரவமாவது மண்ணாங்கட்டியாவது.

வண்டியில் ஏறி உட்கார்ந்து பெட்டியைச் செருகியபோது ஜெய்லானி அண்ணன் சொன்ன கணக்கு ஞாபகம் வந்தது. பெட்டி மாறியதிலிருந்து காரமடைப் பக்கம் போகவில்லை; அப்படியும் பன்னிரண்டு நாளில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். அவள் காலை பாதிக்குப் பாதி உதைத்தே அழித்திருப்பேன். மிச்சத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. வடவள்ளியிலிருந்து துடியலூர் வரை அவளைப் போலவே ஓட்டினேன். காலை வைக்காமல், வைத்ததாகக் காட்டி. இளநீர்க் கடையில் வண்டி வேகம் குறைத்தபோது நானும் கூடவே குறைத்தேன். கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, காலி இளநீர் ஓடுகள் கட்டிய சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் திகைத்து நின்றார். வாங்கிப் பின் சீட்டில் வைத்துக்கொண்டேன்.

துடியலூரில் பங்குக்குச் சற்று முன்னால், நான் ஒன்றும் செய்யாமலேயே வண்டி அடங்கி, ஓரம் வந்து நின்றது. வீடு வந்துவிட்டது என்று அதற்குத் தெரியும். தலையைத் திருப்பிப் பார்த்தேன். நர்சரி. கேட்டிலிருந்து உள்ளே வரைக்கும் பூச்செடிகளும் பழக்கன்றுகளும். உடைகிற சாமான் என்று ஜெய்லானி அண்ணன் சொன்னது இதைத்தான். உள்ளே ஒருத்தி மரத்தூளும் மண்ணும் கலந்து இளநீர் ஓடுகளில் நிரப்பிக்கொண்டிருந்தாள். சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தேன். நடந்தேன் என்பது பொய். ஓடினேன்.

நிரு நிமிர்ந்து பார்த்தாள். முன் தலை நரைத்திருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"ராடைக் கொண்டு வரலியாக்கா?" என்றாள்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. சாக்கு கையிலிருந்து விழுந்து ஓடுகள் நாலாப்பக்கமும் உருண்டன.

"பொட்டியைக் குடுத்தரலாம்னுதான் அன்னிக்கு வந்தேன்" என்றாள் அவள். "தொட்டியைத் தாண்டினதும் வண்டி உன்ற வீடு வந்துருச்சுன்னு அடங்கி நின்னு போச்சு. சரி, அதே நிறுத்திருச்சு, எறங்கிரலாம்னு கதவுல கையை வெச்சேன். நீ ஓடியாந்தே பாரு ஒரு ஓட்டம்."

"நீன்னு தெரியாது கண்ணு. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். வேர்த்துப்போயிருக்கே, ஒக்காரு."

ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா குடித்த அதே பித்தளைச் சொம்பு. எடுத்துப் போயிருக்கிறாள், எனக்குத் தெரியவேயில்லை.

"அது என்ற பொட்டின்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"கல்யாணத்துலேர்ந்து வந்த அன்னிக்கே." அவள் கேட்டைக் காட்டினாள். "இந்த எடத்துக்கு வந்தா வண்டி நிக்க மாட்டேங்குது. காலை எடுத்தாலும் பாயுது. என்ற கடை முன்னால என்னாலயே நிறுத்த முடியல, பங்கு வரைக்கும் போயித்தான் அடங்குச்சு. மூணு நாள் அப்படியே. இந்த எடத்துல இப்படி ஓடறதுக்கு உலகத்துல ஒருத்திக்குத்தான் காரணம் இருக்குது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் வாசலில் ஊர்ந்து போனாள். நான் அவள் வாசலில் பறந்து போனேன். அதைப் பெட்டி படித்து வைத்துக்கொண்டு அவளிடமே போய்ச் சொல்லியிருக்கிறது.

"நிரு, நான் வந்து..."

"மொதல்ல அழுகையா வந்துச்சுக்கா. இத்தனை வெறுப்பான்னு. பொறகு உக்காந்து ரோசிச்சேன். பொட்டி ஒருக்கா ரெண்டுக்கா போனாப் படிக்காது. இவ்வளவு சுத்தமாப் படிச்சிருக்குதுன்னா, வாரம் தவறாம வந்திருக்கோணும். காரமடைக்கு ரிங் ரோடு போட்டு அஞ்சு வருசமாச்சு. அதுல போனா இருவது நிமிசம் மிச்சம். ஊர்ல எல்லாரும் அதுலதான் போறாங்க." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீ ஏன்கா இந்த வழியாவே வந்துட்டிருந்தே?"

ரிங் ரோட்டில் லாரி அதிகம் என்று பவுண்டரியில் சொல்லியிருக்கிறேன். டயர் தேயும் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மண்ணாக இருந்தது. அவளும் விடவில்லை.

அவள்தான் திடீரென்று என் மடியைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் பார்த்தாள். முகம் மாறியது.

"அக்கா, பொட்டியை எடுத்துட்டு வந்தியா?"

எடுக்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல்முறையாக நான் பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டில், திறந்த ரோட்டோரத்தில்.

அவள் பதறி எழுந்தாள். நான் அவள் கையை விடவில்லை.

"ஏன்கா எடுக்கல? மறந்துட்டியா?"

"மறக்கல." சொல்லும்போதுதான் அது எனக்கே தெரிந்தது. "திருகுல கையை வெச்சேன். உன்ற காலு கொஞ்சந்தான் மிச்சம் இருக்குது அதுல. பொட்டியை இழுத்தா இன்ஜின் ஒரு மாதிரி மூச்சு விட்டு அடங்குமே. அதைக் கேக்க மனசு வரல."

நிரு மெதுவாகத் திரும்ப என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையை என் தோளில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அன்னிக்கு மார்க்கெட்டுல அப்படித்தான்கா இருந்துச்சு" என்றாள்.

வெளியே வண்டி பெட்டியோடு நின்றுகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.